முப்பத்தாறு சென்ரிமீற்றர்

மாங்குளத்துக்குக் கிழக்கே
கனகராயன் ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆவணி.
பாலத்தின் மூன்றாம் கண்ணுக்குக் கீழே
சாரத்தில் மல்லாந்து கிடக்கிறாள் சுகிர்தமலர்,
கையில் மீன்காரனிடம் வாங்கிய ஐஸ்.
சூடை மணக்குது என்கிறாள்.

கரையில், மருத நிழலில், நான்.
லப்டொப் திரைக்குத் தொப்பியால் வெயில் மறைத்து
ஒரே ஒரு கோட்டைப் பார்த்தபடி.

தலைமயிர்த் தடிப்பில் கண்ணாடி இழை
விட்டத்தின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கிறது.
உள்ளே போகும் வெளிச்சத்தில்
துளித்துளியாய்க் கொஞ்சம் திரும்பி வரும்,
எவ்வளவு தொலைவில் நொந்தது என்று சொல்லும்.
எந்த இடத்தில் என்று சொல்லாது.
இழைக்குத் தூரம் தெரியும், பாலம் தெரியாது.

அதற்குத்தான் ஐஸ்.
"வைச்சிட்டன்."
கோடு ஓரிடத்தில் குழிந்தது.
"நாற்பத்தொன்று தசம் இரண்டு ஆறு."
கொங்கிறீட்டில் சோக்கால் எழுதினாள்,
நாடா பிடித்தாள்.
நாடாவில் நாற்பது தசம் ஒன்பது.

இடையில் உள்ளதை யார் தின்றது?
ஒட்டிய நாளில் பிரதாபன்
வடிகுழாயைச் சுற்றி இழையை வளையவிட்டிருக்கிறான்,
குறிப்புப் புத்தகத்தில் எழுதாமல்.
சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும்.

"பரவாயில்லை, ஒரு முழம்கூட இல்லையே" என்றேன்.
சாரத்திலிருந்து சத்தமில்லை.
பிறகு சொன்னாள்:
"நான் ஆறு வருசம் கண்ணிவெடி எடுத்தனான், மிஸ்.
முப்பத்தாறு எண்டால்
பக்கத்து ஆளின்ர கால்."

முதல் மீற்றரிலிருந்து மறுபடி தொடங்கினோம்.
அரை மீற்றருக்கு ஒருதரம் ஐஸ், எண், சோக்.
பிரதாபனின் வேறு இரண்டு வளையங்களும் அகப்பட்டன.
உருகிய தண்ணீர் அவள் கழுத்துக்குள் வடிந்தது.
இரண்டே காலுக்கு ஒட்டுசுட்டான் பஸ் மேலே போக
கோடு முழுவதும் ஒருக்கால் சிலிர்த்து அடங்கியது.
மயிரிழை வெடிப்பு ஒன்று
பஸ் போனபிறகும்
அடங்காமல் நின்ற இடத்தைக்
கட்டம் போட்டு வைத்தோம்.

ஐந்து மணி இருக்கும்.
ஐம்பத்தெட்டாம் மீற்றரில்
கோடு குழியாமல் மேடாய் எழும்பியது.
இன்னொன்றா என்று நெஞ்சு இடித்தது.
நிமிர்ந்தேன்.
ஐஸ் பிடிக்காத கையை
விட்டத்தில் வைத்தபடி
கண்ணை மூடியிருக்கிறாள்.
உள்ளங்கை அகலம்,
ஒன்பது சென்ரிமீற்றர்.

அந்த வரியை அழிக்கவேண்டும்தான்.
குறிப்புக் கட்டத்தில் "கை" என்று எழுதிவிட்டுக் கூப்பிட்டேன்:
"இறங்குங்கோ, தேத்தண்ணி ஆறுது."