மற்றவை

வள்ளியூர் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
கடித்தது எது?
நாய்க்கு ஒரு கட்டம், குரங்குக்கு ஒரு கட்டம்.
மூன்றாவது, மற்றவை.
நான் மற்றவையில் டிக் போட்டேன்.
நர்ஸ் என் முழங்கைவரை பார்த்துவிட்டுக்
குரலை இறக்கினாள்.
"பூனைதானா?"
"பூனைதான்."
"வீட்டுக்காரர்?"
"கட்ச்சில். காற்றாலை வேலை."
அதற்குப் பிறகுதான் ஊசியை எடுத்தாள்.

நீ பெயர் வைத்துவிட்டுப் போன வஸ்தாதுக்கு
இப்போது பதினோரு மாதம்.
பணகுடிச் சந்தைக்குப் பின்னால் கிடந்ததை,
கண் திறந்து ஒரு வாரம் ஆகியிருக்காது,
சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தாய்.
கூடப்பிறந்தது ஒன்று இருந்திருந்தால்
கடித்ததும் திருப்பிக் கடித்திருக்கும்.
எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்ற கணக்கைப்
பூனை பூனையிடம்தான் படிக்கும் போல.
இதற்குக் கிடைத்தது உன் கை.
மல்லாக்கப் போட்டு வயிற்றைப் பிடித்து உலுக்குவாய்.
நான்கு காலாலும் உதைக்கும்.
"ஏலே வஸ்தாது, வாலே, வா" என்பாய்.
ஸ்பானர் பிடித்துக் காய்த்த கை,
பால்பல் ஏறவில்லை.
நானும் சிரித்தேன்,
அதை மறைக்க ஒன்றுமில்லை.

சித்திரையில் நீ ரயில் ஏறினாய்.
இதற்குப் பல் மாறியது.
ஆனியில் கணவாயைத் தாண்டிக் காற்று வந்தது.
உனக்குத் தெரியுமே, இங்கே காற்று வீசாது, தள்ளும்.
தகரம் படபடத்தால் போதும்,
கண் முழுக்கக் கறுப்பாகிறது,
காது பின்னால் மடிகிறது,
இடுப்பு இரண்டு தரம் ஆடுகிறது.
மூன்றாவது ஆட்டத்தில் என் கெண்டைக்கால்.
கொடியில் துணி போடும்போது, அரிசி களையும்போது,
தூக்கத்தில் கால்விரல் அசைந்தாலும்.

கத்திப் பார்த்தேன், அது அதற்குக் கொண்டாட்டம்.
ஒருநாள் விளக்குமாற்றால் ஒன்று வைத்தேன்.
கட்டிலுக்கடியில் கிடந்து யோசித்து
மறுநாள் இரண்டாகத் திருப்பித் தந்தது.
"சாக்குல கட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வா,
சவத்த என்னத்துக்கு வச்சுக்கிட்டு இருக்க" என்றாள் ரெஜினா.
சாக்கை எடுத்து உதறிக்கூட விட்டேன்.
அது தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி,
மூன்றாம் ஊசியின் காய்ச்சல்.
கட்டிலுக்கு வெளியே தொங்கிய கையைப் பிடித்தது.
இழுக்கத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.
கை விறகு மாதிரிக் கிடந்தது.
பல் தோலில் கொஞ்ச நேரம் காத்திருந்தது.
பிறகு வாயைத் திறந்துவிட்டு
வாலை நக்கப் போய்விட்டது.

இழுப்பதுதான் எலி.
இது விளங்க எனக்கு நான்கு மாதம்.

இப்போதெல்லாம் பிடித்தால் அசைவதில்லை.
விட்டதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்
கதவைச் சாத்தி நூறு எண்ணுகிறேன்.
சாயங்காலம் குச்சியில் கயிறு,
கயிற்று நுனியில் சேவல் இறகு,
மாடிப்படி ஏற இறங்க, இரைக்க இரைக்க வேட்டை.
சிலசமயம் பிடிக்கவும் விட வேண்டும்,
எப்போதும் ஏமாற்றினால் அதற்கும் வெறி ஏறுகிறது.
பிறகு ஒரு சாளைத் தலை.
தின்று, முகம் கழுவி, தூங்கும்.
தடவும்போது வால் நுனி தரையில் தட்டினால்
போதும் என்று அர்த்தம்.
எடுத்துவிடுவேன்.
ஐப்பசி இடிக்கு ஒருநாள் மறந்துபோய்
கணுக்காலைக் கவ்வியது.
கவ்வியபடி என்னை நிமிர்ந்து பார்த்தது.
அழுத்தவில்லை.

கார்த்திகையில் லீவு என்கிறாய்.
வீடியோவில் கையை நீட்டி "ஏலே வஸ்தாது" என்கிறாய்.
அது போனை மோந்துவிட்டுப் போகிறது.

ஒன்று சொல்ல வேண்டும்.
அடுப்படியில் நிற்கும்போது பின்னால் வந்து
என் மணிக்கட்டை முறுக்குவாயே,
விடு, விடு என்று நான் இழுக்க இழுக்க
"ஏட்டி, விளையாட்டுக்குத்தானே" என்று சிரிப்பாயே.
இந்தத் தடவை இழுக்க மாட்டேன்.
கத்தவும் மாட்டேன்.
அடுத்த அறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.
நூறு எண்ணுவேன்.
வஸ்தாதும் என்னோடு உள்ளேதான் இருக்கும்.
சேவல் இறகு ஆணியில் தொங்குகிறது,
வந்ததும் எடுத்துக்கொள்.