நிகர எடை

பழுப்பு நிறத்தில் ஒரு கேன்.
வயிற்றில் ஒட்டியிருந்தது:
புஷ்பலீலா த/பெ முனியாண்டி,
அடையாள அட்டை எண்,
தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.
"காலையில் முதல்முறை போவதைக் கொட்டிடுங்க.
அது நேற்றைய கணக்கு" என்றார்
மிஸ்ஸி நோர்லைலா.

எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை.
பகாவ் செம்பனை ஆலையில்
இருபத்தாறு வருஷமாக லாரி நிறுக்கிறேன்.
குலையோடு ஏறும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டு வரும்போது ஓர் எண்,
கழித்தால் மிஞ்சுவது பழம்.
அடித்தட்டில் கல், குலைமேல் தண்ணீர்,
இருக்கைக்குப் பின்னால்
தம்பியைச் சுருட்டிப் படுக்கவைத்தது வரை
பார்த்தாயிற்று.
எடைப்பாலத்தில் ஏறக்குறைய என்பது கிடையாது.

ஆனால் டாக்டர் ஹேமரூபன் நீட்டிய தாளில்
கிரியேட்டினின் நூற்றுப் பதினெட்டு,
அதன்கீழே நாற்பத்தேழு,
நாற்பத்தேழுக்கு முன்னால்
மதிப்பீடு என்று ஒரு சொல்.
யார் மதிப்பிட்டது?
"ரத்தம், வயசு, ஆணா பெண்ணா,
மூணையும் போட்டா கம்ப்யூட்டர் சொல்லும், ஆன்ட்டி."
தசை உழைத்து உதிர்க்கும் தூசியாம் அது.
நல்ல சல்லடை கீழே விட்டுவிடும்.
ரத்தத்தில் தேங்கினால்
சல்லடையைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

"வலிமாத்திரை ஏதாவது?"
முட்டிக்கு, என்றேன்.
"எத்தனை நாளா?"
ஆ லெக் மளிகைக்கடையில் அட்டைக்குப் பத்து.
என் வாழ்க்கையில்
கணக்கு எழுதாமல் வாங்கிய ஒரே சாமான்.
"நிறுத்திடுங்க. ஒரு முழுநாள் சேர்த்துக் கொண்டாங்க.
மதிப்பீடு வேண்டாம்னா, அளந்தே பார்ப்போம்."

ஞாயிறு சேர்க்கலாம்தான்;
கோலப்பிலாவில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம்,
கேனோடு போய் இறங்க முடியுமா?
செவ்வாய் காலை ஏழு பத்துக்குத் தொடங்கினேன்.
கறுப்புப் பையில் சுற்றி
ஐஸ்பெட்டிக்குள் வைத்து
மோட்டார் முன்கூடையில் ஆலைக்கு.
"என்னக்கா, நாசி லெமாக்கா?"
கேட்டுக் காவல் சுரேந்தர் கேட்டான்.
இன்றைக்கு மட்டும் பங்கு கேட்காதே, என்றேன்.

மூன்று மணிக்கு மழை.
வெளிவாசல் தாண்டிப் பதினாலு லாரி.
சேறு, ஹாரன், நனைந்த சீட்டுகள்.
ஓடிப்போய் ஓடிவந்து
அடுத்த எண்ணை அச்சடிக்கும்போதுதான்
காலில் இடித்தது
மேசைக்கடியில் ஐஸ்பெட்டி.

ஒரே ஒருமுறை.
முந்நூறு மில்லி இருக்குமா, கூடவா?
இரவெல்லாம் அந்த முந்நூறோடு புரண்டேன்.
குழாய்த் தண்ணீர் கொஞ்சம் விட்டால்
கோடு வரை ஏறிவிடும்.
யார் கேட்கப் போகிறார்கள்?

போன வருஷம் நாற்பது கிலோவுக்காக
கதிரேசன் லாரியை
மூன்று நாள் உள்ளே விடவில்லை.
அவன் மகளுக்குப் பள்ளிச் சீருடை எடுக்கும் வாரம்.
தெரிந்துதான் செய்தேன்.
கண்ணாடிக்கு வெளியே நின்றவன்
திட்டக்கூட இல்லை,
தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான்.

புதன் காலை ஏழு பத்து.
கடைசிமுறையையும் பிடித்து, மூடி திருகி,
கிளினிக் முகப்பில் வைத்தேன்.
கேன் கனத்தது. பார்வைக்குக் குறையே இல்லை.
"எல்லாம் சேர்ந்திருக்கா?"
எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.
"ஒரு நடை குறையுது, மிஸ்ஸி."

அவர் என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்.
உள்ளே எடுத்துப்போனார்.
ஒரு பகலும் ஓர் இரவும்
தொட்டியில் இறங்கும் சத்தம்
நினைத்ததைவிட நேரம் பிடித்தது.

புதுக் கேனோடு வந்து
பேனாவைத் திறந்து
என் பெயரை முதலிலிருந்து எழுதினார்.
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
திருத்தச் சொன்னேன்.