பிடி

ஆட்டுக்கொம்பு, வெந்நீர் பட்டால் நாறும்.
சங்கை அறுத்து இழைத்தேன்:
நுரையில் வழுக்கி
ஒருத்தர் காதோரம் கோடு போட்டது.
பனை வைரத்தில் சிலாம்பு.

அப்புறம்தான்
குந்துகால் கரையில் ஒதுங்கிய பலகைத் துண்டு,
கப்பல்புழு குடைந்த சல்லடை.
துளைகளில் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி
மூன்று ராத்திரி உப்புத்தாள் போட்டேன்.
சவரக்கத்தி கையோடு ஒட்டிக்கொண்டது.

இன்னாசி நாற்காலியில் சாய்ந்து
கழுத்தை நீட்டினார்.
குரல்வளை மேட்டில் ஏறும்போது
கண்ணாடியில் பிடியைப் பார்த்துவிட்டார்,
துளையொன்றில் தங்கிப்போன
நீலப் பெயிண்ட்டை.

"என் வள்ளத்து அணியம்டா இது."

கத்தி நின்றது.
அவர் எச்சில்கூட விழுங்கவில்லை.

"நிப்பாட்டாத.
கீழயிருந்து மேல எதிர்ச்சவரம் இழு.
எதிர்க்காத்துல
நல்லா ஓடும் அது."

அன்றைக்குக் காசு தரவில்லை.
நானும் கேட்கவில்லை.