இவருக்குப் பதில் இவர்

ஏழரைத் தொடரில் நேற்று
மூத்த மருமகனின் முகம் மாறிவிட்டது.
பழையவருக்கு நாடியில் சின்னப் பள்ளம்.
புதியவருக்குப் பள்ளமில்லை, கொஞ்சம் வண்டி.
திரையின் அடியில் நாலு நொடி
'இனி இவருக்குப் பதில் இவர்' என்றொரு வரி.
அவ்வளவும்தான்.
மனைவியாக நடிப்பவள்
அதே தோளில் சாய்கிறமாதிரிச் சாய்ந்தாள்.
பிள்ளை ஓடிவந்து
புதிய கால்களைக் கட்டிக்கொண்டது.
வாசலில் கிடந்த செருப்புக்கும் சந்தேகமில்லை.
நான் அகப்பையோடு நின்று பார்த்தேன்.
அடுப்பில் சொதி திரைந்துபோயிற்று.

சித்திரையில்
கொழும்பு இரவு ரயிலால் வந்து இறங்கியவருக்கு
அடியில் ஒரு வரியும் ஓடவில்லை.
ஒன்பது வருடம் கட்டார்.
இடையில் இரண்டு லீவு,
இரண்டும் செத்தவீட்டுக்கு.
பாஸ்போர்ட்டில் குணரூபன் என்றுதான் இருந்தது.
என்னுடைய குணரூபன்
தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுபவர்.
இவர் சீனிப்போத்தலைத் தள்ளிவைக்கிறார்.
சோறு போதுமென்றால் 'ஹலாஸ்' என்கிறார்.
லைட்டை அணைத்தால் எழும்பிவிடுகிறார்;
எட்டுப் பேர் முறைமாறிப் படுத்த அறையின் நித்திரை அது.

யதுஷாவுக்கு அவர் ஐந்தரை அங்குலம்.
முழுதாக வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டு
குசினிக்கு வந்து கேட்டாள்:
"அவர் எப்ப போவார்?"

தொடரில் டொக்டர்மார்
கெட்ட செய்திக்கு முன்னம் கண்ணாடியைக் கழற்றுவார்கள்.
அதைப் பார்த்துப் பழகியதால்
பெரியாஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலடியில்
டொக்டரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவர் கழற்றவில்லை.
நம்பிவிட்டேன்.
தொடரில் ஒரு சாவுக்கு ஒரு கிழமை போகும்.
அம்மாவுக்கு
இரண்டு விளம்பர நேரம்கூடப் போகவில்லை.

வில்லியாக வரும் பெரியம்மாவை எனக்குப் பிடிக்கும்.
யாரும் இதை அறியமாட்டார்கள்.
நினைத்ததை அவள் ஒருத்திதான்
முகத்துக்கு நேரே சொல்கிறாள்,
அதுவும் மூன்று கோணத்தில், இடி முழக்கத்தோடு.
நான் நினைத்ததையெல்லாம்
பாத்திரம் கழுவும் தண்ணியோடு ஊற்றிவிடுகிறேன்.

நேற்று அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு
எனக்குப் பக்கத்தில் இருந்தார்.
எண்ணூற்றுச் சொச்சம் நாள் கதையை
எங்கேயிருந்து சொல்லத் தொடங்குவதென்று யோசித்தேன்.
அவர் திரையைப் பார்த்தபடி
"மற்றவன்தான் திறம்" என்றார்.
"ஆர் மற்றவன்?"
"பள்ளம் விழுந்தவன்.
பாலில மருந்து கலந்த அண்டைக்கு
அழாமல் அழுதானே, அவன்."

அங்கே ஒரு போனைத் தண்ணிக்கானில் சாய்த்துவைத்து
எட்டுப் பேரும் பார்ப்பார்களாம்.
வைஃபை இழுத்தடித்து
எங்களைவிட மூன்று நாள் பின்னால்.
மருமகனைப் போலீஸ் பிடித்த அன்று
மன்னார்க்காரர் ஒருவர் சாப்பிடவில்லையாம்.
ஒவ்வொரு வெள்ளியும் போனில் நாங்கள் கதைத்தது
காசு வந்ததா,
கூரைத் தகரம் மாற்றியாயிற்றா.
இதை நானும் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.

"புதுசு ஆளைப் பழக
எத்தனை நாள் செல்லும்?" என்று கேட்டார்.
மருமகனைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.
"முதல்ல ஒரு மாதிரித்தான் இருக்கும்" என்றேன்.

அப்போது கரண்ட் போனது.
டச்சுபே அலை வீட்டுக்குள் வந்தது.
கோட்டைப் பக்கத்து மான்கள்
மதிலடியில் பொலித்தீனை இழுத்து உரசும் சத்தம்.
கறுப்புத் திரை,
முகமில்லாத மூன்று பேர்.
உள்ளறையிலிருந்து யதுஷா
"அப்பா, டோர்ச்சை எங்க வைச்சனீங்கள்?" என்றாள்,
போனில் கேட்கும் அதே குரலில்.
அவர் உடனே பதில் சொல்லவில்லை.
தொண்டையைச் செருமினார்.

கரண்ட் வந்தபோது
கடைசிப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.
புதியவருக்கு என்ன பெயர் என்று பார்க்க நினைத்தேன்.
அதற்குள்
சவர்க்கார விளம்பரம் வந்துவிட்டது.