விளக்கை ஏற்றாமல்

திங்கள் இரவு கணக்கெடுத்தேன்:
ஐம்பது சாதனைகளில் நாற்பத்தெட்டு முடிந்தது.
மிச்சத்தில் ஒன்று ‘விட்டில் வேட்டை’.
சுரங்க நகரமெங்கும் இருநூற்று நாற்பது விட்டில்கள்,
என் புட்டியில் இருநூற்று முப்பத்தொன்பது.
மற்றது ‘கும்மிருட்டு’.
ஏழாம் சுரங்கத்தை விளக்கேற்றாமல் கடக்க வேண்டும்.
ஆடியவர்களில் நூற்றுக்கு அரை ஆள்தான் கடந்திருக்கிறானாம்.
அந்த அரை ஆள் எப்படி இருப்பான் என்று யோசித்ததில்
தட்டில் உருளைக்கிழங்கு ஆறிப்போனது.

கத்தோவித்சேயில் பிப்ரவரி.
வெயில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து
கைகழுவியதும் கிளம்பிவிடும்.
நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
ஓடும் லிஃப்டை யாரும் பாராட்டுவதில்லை,
நின்றுவிட்டால்
பதினொரு மாடிக்கும் என் பேர் தெரியும்.

செவ்வாய், பதினான்கு முறை செத்தேன்.
புதன், எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வியாழன் எர்வின் கேட்டான்:
“முடித்தால் என்ன தருவான்?”
“திரை மூலையில் ஒரு படம்.
சட்டைப் பொத்தானைவிடச் சின்னது.
கூடவே ஒரு டிங்.”
“பணம்?”
“இல்லை.”
“பெண்டாட்டி திரும்பி வருவாளா?”
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடு என்றேன்.
மூன்று வருடம் நிஜச் சுரங்கத்தில் இருந்தவன் எர்வின்.
ஸ்பேனரை நீட்டியபடி சொன்னான்,
“அங்கே விளக்கை அணைத்தால்
சம்பளத்தில்தான் டிங்.”

வெள்ளி நள்ளிரவு
திரையின் வெளிச்சத்தைக் கடைசிக் கோடுவரை இறக்கினேன்.
பார்த்து என்ன ஆகப்போகிறது?
காலடிச் சத்தம் ஈரமாக இருந்தால் பள்ளம்,
காய்ந்திருந்தால் தண்டவாளம்.
சொட்டும் தண்ணீர் வலது காதுக்கு மாறுமிடத்தில் குனி.
இருபத்துமூன்று அடி. திரும்பு.
இப்போது மூச்சு விடலாம்.

வாசலுக்குப் பத்தடி இருக்கையில்
படபடவென்று ஏதோ.
இத்தனை மாதத்தில் கேட்காத சத்தம்.
மூக்கு திரையில் இடிக்கப் பார்த்தேன்.
கருப்பின்மேல் கொஞ்சம் குறைந்த கருப்பாக
ஒரு விட்டில்.

விளக்கைத் தேடி வருவதுதானே விட்டிலின் விதி?
இதை இருட்டில் வருகிறவனுக்கென்று
எவனோ ஒரு குசும்பன் ஒளித்து வைத்திருக்கிறான்.
பிடிக்க வேண்டுமானால் விளக்கேற்ற வேண்டும்.
ஏற்றினால் கும்மிருட்டு போச்சு.
அடுத்த முறை வருமா, தெரியாது.
கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு நின்றேன்.
அது என் தோளில் உட்கார்ந்தது,
எழுந்தது,
மறுபடி உட்கார்ந்தது.

அப்போது பார்த்து போன்.
பதினேழாம் கட்டடம், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே.
கரண்ட் இல்லை. உள்ளே ஓர் ஆள்.
ஆட்டத்தை அப்படியே ஓடவிட்டுப் போனேன்.

கையால் சுற்றிச் சுற்றிப் பெட்டியை இறக்கினேன்.
உள்ளே டெலிவரி பையன்.
ஏழாம் மாடிக்குப் போகவேண்டிய பீட்சாவில்
இரண்டு துண்டுதான் பாக்கி.
“நாற்பது நிமிடம் தாண்டினால் இலவசம், அதுதானே விதி”
என்று ஒன்றை என்னிடம் நீட்டினான்.
முகம் தெரியாமலே தின்றோம்.
கதவு முழுதாகத் திறந்தபோது
மணி அடிக்கவில்லை என்பதால்
அவனே வாயால் சொன்னான்:
டிங்.

திரும்பி வர நாலரை ஆனது.
விட்டில் அதே தோளில்.
பத்தடி நடந்தேன், இருட்டோடு இருட்டாக.
பொத்தானைவிடச் சின்னதாக அந்தப் படம் வந்தது.
விட்டில் வாசலைத் தாண்டவில்லை.

சனி துணி துவைத்தேன்.

ஞாயிறு மறுபடி ஏழாம் சுரங்கம்.
ஈரம், தண்டவாளம், குனி, இருபத்துமூன்று.
அதே இடத்தில் அதே படபடப்பு.
வந்துவிட்டது.
இனி விளக்கேற்றினால் இழக்க ஒன்றுமில்லை.
ஐம்பதுக்கு ஐம்பது.
அப்புறம்?

தோளில் உட்கார்ந்தது,
எழுந்தது.
கட்டைவிரல் பொத்தான்மேல்.
மேலே யாரோ லிஃப்டில் போகிறார்கள்.
கேபிள் கொஞ்சம் முனகுகிறது,
நாளைக்கு எண்ணெய் போட வேண்டும்.