கம்பம் எண் பதினேழு

எங்கள் காலனிக்கு மூன்று பெயர்.
அரசாங்கத் தாளில் ஒன்று,
பங்குச் சாமியார் வைத்தது ஒன்று,
தொண்டி பஸ்காரர் கூவுவது
"கருவாட்டு ஸ்டாப்".
மனுவில் மூன்றையும் எழுதுவேன்,
ஏதாவது ஒன்றுக்குப் பதில் வரட்டுமே என்று.

கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதாம்.
அதனால் மனு எழுதுவது என் தலையில்.
பாசி பறித்துக் கிழிந்த விரல்களில்
துணி சுற்றியிருப்பேன்.
பேனா வழுக்கும்.

கரைக்கு விளக்கு வேண்டுமென்று ஆறு மனு.
நம்புக்கனி மகன் இருட்டில்
திருக்கை முள்ளை மிதித்ததை எழுதினேன்.
சவரிராயன் வள்ளத்தில் என்ஜின் களவு போனதை எழுதினேன்.
ஏழாவது மனுவுக்குக் கம்பம் வந்தது.
எண் பதினேழு.
மற்ற பதினாறும் எங்கே நிற்கின்றனவோ,
கடலுக்குத்தான் வெளிச்சம்.

முதல் நாள் மிட்டாய் கொடுத்தார்கள்.
மறுநாள் ஆம்பளைகள் கேரம் பலகையைத் தூக்கிவந்தார்கள்.
மூன்றாம் நாள் ராத்திரி
வாசலில் செம்பும் கையுமாக நின்று
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
கருவைப் புதர் வரைக்கும்
பட்டப்பகல்.

கக்கூஸ் இல்லாமல் இல்லை.
வீட்டுக்கு ஒன்று, பச்சைக் கதவோடு
கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.
உள்ளே வலை, மிதப்பு, விரிசல் விட்ட ஐஸ் பெட்டி.
காவிரித் தண்ணி ஆறு நாளைக்கு ஒரு தரம்.
வண்டித் தண்ணி குடம் பன்னிரண்டு ரூபாய்.
குடிக்கிறதை எடுத்து
அங்கே ஊற்ற யாருக்கு மனசு வரும்?

எட்டாவது மனு:
இரவு எட்டு முதல் ஒன்பது வரை
விளக்கை அணைத்து உதவ வேண்டி.
காரணம் என்ற இடத்தில்
"பெண்கள் சிரமம்" என்று இரண்டே வார்த்தை.
அதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது.
கிளார்க் சிரித்தார்.
"போன வருஷம் வெளிச்சம் கேட்டீங்க,
இந்த வருஷம் இருட்டு கேக்குறீங்க.
எதாவது ஒண்ணைக் கேளுங்கம்மா."

மத்தியானத்துக்கு மேல்
தண்ணி குடிப்பதை நிறுத்தினோம்.
உப்புக் காற்றில் நாளெல்லாம் நின்றுவிட்டு
நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வோம்.
புளோரம்மாவுக்குக் கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள்.
"பனி ஒத்துக்கலை" என்று
வீட்டில் சொல்லச் சொன்னாள்.

அவள் திரும்பி வந்த ராத்திரி
விளக்கு உடைந்தது.

விசாரிக்க வந்தவர் லைன்மேன்தான்,
ஆனாலும் டைரி வைத்திருந்தார்.
"கச்சான் காத்து சார்" என்றாள் செய்யதம்மா.
"பேய்க் காத்து" என்றாள் நம்புக்கனி.
காலையில் மீன் விற்கும்போது
அடித்துக்கொண்ட இருவர்.
அன்றைக்கு ஓலை அசையவில்லை.
கடல் தாம்பாளம் மாதிரிக் கிடந்தது.
மணலில் கிடந்த ஈயக்குண்டை
அவர் எடுத்துக் காட்டினார்.
"வலையில கோக்குறது சார், கரை பூராக் கிடக்கும்."
கிடக்கும்தான்.
நீல நூல் சுற்றியது எல்லா வீட்டிலும் கிடையாது.

என் மகள் டெல்சி
அந்த நூலைப் பார்த்தாள். பிறகு என்னை.
பிளஸ் டூ கணக்கை
அந்தக் கம்பத்தடியில்தான் போட்டுக்கொண்டிருந்தாள்,
கொசுவர்த்திச் சுருளைக் காலருகே வைத்துக்கொண்டு.
அவளும் சொன்னாள், "காத்துதான் சார்."
அன்றிரவு செல்போன் வெளிச்சத்தில்
முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.
சாப்பிடக் கூப்பிட்டேன்.
ஒரு கணக்கு மிச்சம் என்றாள்.

ஒன்பதாவது மனு:
வீட்டுக்கு ஒரு தண்ணீர் இணைப்பு.
காரணம் என்ற இடத்தில்
இந்த முறை எல்லாமே எழுதினேன்.
செம்பு, புதர், எட்டு மணி,
பனி இல்லை என்பது,
புளோரம்மாவின் இரண்டு நாள்.
இடம் போதவில்லை. தாளைத் திருப்பினேன்.

தோளுக்கு மேல் எட்டிப் படித்தவள்
"விளக்கையும் கேளும்மா" என்றாள்.
கேட்டிருக்கிறேன், கடைசி வரியைப் பார்.
சுவிட்ச்
எங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.