உடன்போக்குக்கு ஆகும் நேரம்

யீஷூனிலிருந்து தோபி காட் முப்பத்தொரு நிமிடம்.
மேடேற இன்னும் பத்து.
நீ பதினைந்து என்கிறாய்,
குதிகால் செருப்புப் போடமாட்டேன் என்று
இரண்டு முறை சொன்ன பிறகும்.

பழைய காலத்தில் இதற்குப் பாலை வேண்டும்.
கள்ளி, பருந்து, வற்றிய சுனை,
எதிரே வருவோரை மறித்து
இப்படி ஒருத்தி போனாளா எனக் கேட்டபடி
பின்னாலேயே ஓடிவரும் செவிலி.
நமக்கு வாய்த்தது சிவப்புத் தடம், குளிரூட்டிய பெட்டி,
எங்கே ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று
காசு காசாகக் குறித்துவைக்கும் பயண அட்டை.
இந்தத் தீவில் எந்தப் பக்கம் ஓடினாலும்
ஒரு மணி நேரத்தில் கடல் வந்துவிடுகிறது.

முதலில் முன்னறிவிப்பு, ஜெகன்.
இருபத்தொரு நாள்.
ஓடிப்போகப் போகிறோம் என்று அரசாங்கத்திடம்
மூன்று வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.
என் இரவுப் பணி முடிந்து,
உன் பகல் பணி தொடங்குமுன்
உணவங்காடி மேசையில் படிவம் நிரப்பினோம்.
முன்பு மணமானவரா? இல்லை.
இருபத்தொரு வயது நிறைந்ததா? எட்டு வருடமாயிற்று.
அப்பா கேட்டது மட்டும் அதில் இல்லை:
"அவங்க ஊர்ல எந்தத் தெரு?"

அவருடைய தாத்தா கப்பலேறும்போது
நிலத்தை விட்டார், மாட்டை விட்டார்,
கைக்குழந்தையைக்கூட அக்காவிடம் விட்டு வந்தாராம்.
தெருவை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார் போல.
பன்னிரண்டாவது மாடியில் விரித்துவைத்திருக்கிறோம்.

மூன்றாம் நாள்: ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்பதாம் நாள்: என் பையின் ஜிப் சிக்கியது.
அப்பா மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து
இழுத்துப் பார்த்தார்.
"இப்ப ஓடும் பாரு" என்றார்.
எனக்குத் தொண்டை அடைத்தது,
துவைத்த துணியை எடுக்கிற சாக்கில்
மூங்கில் கழிகளின் பக்கம் போய்விட்டேன்.

பதினான்காம் நாள்:
"வியாழக்கிழமை அரை நாள் லீவாமே?
வரும்போது தயிர் வாங்கிட்டு வா."

வியாழக்கிழமைதான் அது.

சாட்சிக்கு இருவர்.
என் வார்டில் வேலை செய்யும் சியூ லிங்.
உன்னோடு ராணுவத்தில் இருந்த ஹஃபீஸ்.
அவன்தான் கேட்டான், ரொம்பச் சாதாரணமாக,
முடிந்ததும் எங்கே போவீர்கள் என்று.
நீயும் நானும்
ஒரே நேரத்தில் தே தாரேக்கைக் குடித்தோம்.

அறை வாடகையைக் கூட்டிப் பார்த்தாய்,
கழித்தும் பார்த்தாய்.
பெருக்க ஒன்றும் இல்லை.
குலுக்கலில் நம் எண் வந்திருக்கிறது, தெங்காவில்,
சாவிக்கு நான்கு ஆண்டும் மூன்று மாதமும்.
போன ஞாயிறு போய்ப் பார்த்தோமே:
தகர வேலி, சிவப்பு மண்,
தூங்கிக்கொண்டிருந்த ஒரு பாரந்தூக்கி.
நம் வரவேற்பறை இருக்கப்போகும் காற்றை
ஒரு மைனா குறுக்கே கடந்தது.
அங்கேயா சோபா என்று நீ கேட்டாய்.

ஆக, கணக்கு இப்படி:
இரண்டு பத்துக்கு ஏறுகிறேன்.
மூன்று மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்.
உறுதிமொழி, மோதிரம், கையெழுத்து
எல்லாம் எட்டே நிமிடமாம், சியூ லிங்கின் அக்கா சொன்னாள்.
அழுதால் பத்து.
பிறகு காயா ரொட்டி, நால்வருக்கும்.
பிறகு அதே சிவப்புத் தடத்தில் வீடு திரும்புகிறோம்,
அவரவர் வீட்டுக்கு.
நான் முதலில் இறங்குவேன்,
நீ உட்லண்ட்ஸைச் சுற்றிக்கொண்டு
சுவா சூ காங் வரை என் இருக்கைக்குத் துணை.

போக்கு நாற்பத்தொரு நிமிடத்தில் முடிந்துவிடும்.
'உடன்' என்பதைத்தான்
இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்,
மாதத்துக்கு ஒரு மாடியாக,
மழை பெய்தால் அதுவும் இல்லை.

மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்வேன்.
பணியில் எப்படியும் விரலில் எதுவும் கூடாது.

செராங்கூனில் தொடங்கி எனக்கு நினைவூட்டிக்கொண்டே வா
என்று எழுதியிருந்தேன், தவறு,
அந்தத் தடம் வேறு.
பீஷானிலேயே தொடங்கு.
தயிர்.
நிலையத்துக்குக் கீழே இருக்கும் கடையில்
ஆறு மணிக்கு மேல் தீர்ந்துவிடும்.